கிண்ணத்தைக் காத்தால் போதுமா? கையைக் காக்க வேண்டாமா?

ஜப்பான் நாட்டில் கியோட்டோ என்று ஒரு பழைய நகரம். அங்கே டைட்டோகுஜி என்ற பெரிய புத்த மடம் இருக்கிறது. அதைச் சேர்ந்த சிறு மடங்களில் ஒன்றின் பெயர் கோஹோ-அன். அந்த மடத்தில் ஒரு மண் கிண்ணத்தைப் பெட்டிக்குள் பெட்டியாக வைத்து, பட்டுத் துணி சுற்றிப் பாதுகாத்து வருகிறார்கள்.

அதில் தங்கம் இல்லை, வைரம் இல்லை. மங்கிய மஞ்சள் நிறம். வடிவம் கொஞ்சம் கோணல். அடியில் மெருகு சரியாக ஓடாமல், திட்டுத் திட்டாகத் திரண்டு நிற்கிறது. கடைத் தெருவில் கிடந்தால் யாரும் திரும்பிக் கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால், அது ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று! 1951-ம் ஆண்டில் சர்க்கார் அதற்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது.

அந்தக் கிண்ணம் ஜப்பானில் செய்ததும் அல்ல. கடல் கடந்து கொரியாவில் இருந்து வந்தது. சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் பெயர் தெரியாத ஒரு கொரியக் குயவர் செய்தது. ஜப்பானியர் அதைத் தேநீர்க் கிண்ணமாக வைத்துக் கொண்டார்கள். தேநீர் அருந்துவதையே ஒரு சடங்காகச் செய்கிறவர்கள் அவர்கள். அதற்கு ஏற்ற கிண்ணம் கிடைத்தால் சொத்தை விற்றும் வாங்குவார்கள்.

இந்தக் கிண்ணத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. கிசாயெமோன் என்ற வியாபாரியிடம் இது இருந்ததாம். அவர் நொடித்துப் போனார். எல்லாவற்றையும் விற்றார், கிண்ணத்தை மட்டும் விற்கவில்லை. கழுத்தில் கட்டித் தொங்க விட்டுக் கொண்டு அலைந்தார். உடம்பெல்லாம் கட்டி கிளம்பி இறந்தார். பிறகு இதை வாங்கிய பிரபுவுக்கும் கட்டி வந்ததாம். அவர் மகனுக்கும் வந்ததாம். பயந்து போன குடும்பத்தார், கடைசியில் மடத்துக்குக் கொடுத்து விட்டார்களாம். கிண்ணத்துக்கு இன்றும் "கிசாயெமோன்" என்றே பெயர்.

கதை இருக்கட்டும். அந்தக் கிண்ணத்தைச் செய்த கை யாருடையது? அந்தக் கைக்கு என்ன ஆயிற்று? காட்சிசாலைக்குப் போகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

கிண்ணத்தைப் பார்க்கப் போனவர்

1931-ம் ஆண்டில், சோயெட்சு யனாகி என்ற அறிஞர் அந்த மடத்துக்குப் போய்க் கிண்ணத்தைப் பார்த்தார். டோக்கியோவில் 1889-ல் பிறந்தவர் அவர். பெரிய படிப்புப் படித்தவர்.

பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கிண்ணம் வெளியே வந்தது. யனாகிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இது ஏழை சாப்பிட்ட சாதாரணச் சோற்றுக் கிண்ணம் அல்லவா!" என்ற எண்ணமே அவருக்கு முதலில் வந்தது. அதுவே அவருக்குப் பெரிய சந்தோஷமாகவும் இருந்தது. அது சோற்றுக் கிண்ணம்தானா என்பதில் இன்று அறிஞர்களுக்குள் வேறு அபிப்பிராயங்களும் உண்டு. ஆனால், யனாகி கண்ட உண்மை அதனால் மாறி விடாது.

அவர் சொன்னதன் சாரம் இதுதான்: அந்தக் குயவர் அழகான கிண்ணம் செய்யப் போகிறோம் என்று நினைக்கவில்லை. பெயர் எடுக்கவும் நினைக்கவில்லை. நேற்றுச் செய்தது போல இன்றும் செய்தார். பத்தோடு பதினொன்றாகச் செய்தார். அழகு தானாக வந்து சேர்ந்தது. தினமும் உபயோகிக்கும் பொருளுக்கு ஒரு தனி அழகு உண்டு. அதை அரண்மனைப் பொருளில் காண முடியாது.

இதைச் சொல்ல ஜப்பானிய மொழியில் சரியான சொல் இல்லை. ஆகவே, 1925-ல் யனாகியும் அவர் நண்பர்களான ஹமாடா ஷோஜி, கவாய் கன்ஜிரோ என்ற இரண்டு குயக் கலைஞர்களும் ஒரு சொல்லை உண்டாக்கினார்கள். "மிங்கேய்" என்பது அந்தச் சொல். "மக்களின் கைத்தொழில்" என்று பொருள்.

செருப்பைக் கழற்றி விட்டுப் போகும் காட்சிசாலை

சொல் கிடைத்தது. வீடு வேண்டாமா? குராஷிகி நகரத்து ஆலை முதலாளியான ஓஹாரா மகோசாபுரோ என்பவர் பண உதவி செய்தார். 1936-ல் டோக்கியோவில் கோமாபா என்ற இடத்தில் "ஜப்பான் மக்கள் கலைக் காட்சிசாலை" திறக்கப்பட்டது. இன்றும் அது நடந்து வருகிறது.

இந்த மியூசியம் பெரிய மாளிகை அல்ல. பழைய காலத்து வீடு போன்ற கட்டிடம். வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நடந்தால் மரத் தரை மெல்லச் சப்தம் போடுகிறது. உள்ளே மண் ஜாடிகள், மூங்கில் கூடைகள், கெட்டித் துணிகள், அரக்குப் பூசிய மரக் கிண்ணங்கள், தேநீர்க் கெண்டிகள். சுமார் 17,000 பொருள்கள் அந்தக் காட்சிசாலைக்குச் சொந்தம். அவற்றில் மிகப் பலவற்றைச் செய்தவர் யார் என்பது யாருக்கும் தெரியாது.

அங்கே இன்னொரு விசேஷம் உண்டு. பொருளின் பக்கத்தில் நீண்ட விளக்கம் எழுதி வைப்பதில்லை. சிறிய கறுப்புப் பலகையில் சிவப்பு எழுத்தில் இரண்டொரு வார்த்தைதான் இருக்கும். முதலில் கண்ணால் பார். பிறகு தெரிந்து கொள் என்பது யனாகியின் கொள்கை.

இது சரியான கொள்கை. பல காட்சிசாலைகளில் என்ன நடக்கிறது? ஜனங்கள் பொருளைப் பார்ப்பதே இல்லை. சீட்டைப் படிக்கிறார்கள், அடுத்த பொருளுக்குப் போய் விடுகிறார்கள். படிக்கத் தெரியாதவர்கள் கூச்சத்தோடு ஒதுங்கி நிற்கிறார்கள். யனாகியின் காட்சிசாலையில் அந்தக் கூச்சத்துக்கு இடம் இல்லை. பட்டம் பெற்றவரும், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் ஒரு ஜாடியின் முன்னால் சமம். சொல்லப் போனால், தண்ணீர் இறைத்துப் பழகிய அம்மாளுக்கு ஜாடியின் வயிறும் கழுத்தும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது பேராசிரியரை விடச் சீக்கிரம் தெரிந்து விடும்.

அடிமை நாட்டுக்கு ஒரு காட்சிசாலை

யனாகிக்கு இந்தக் கண் எங்கிருந்து வந்தது? கொரியாவில் இருந்து வந்தது.

1910-ல் ஜப்பான், கொரியாவைத் தன் ஆட்சிக்குள் இழுத்துக் கொண்டது. கொரியர்களை மட்டமாக நினைத்த ஜப்பானியர் பலர். ஆனால், 1914-ல் கொரியாவில் இருந்து வந்த ஒருவர் கொடுத்த வெள்ளைப் பீங்கான் ஜாடி ஒன்று யனாகியின் மனத்தைப் பிடித்துக் கொண்டது. இவ்வளவு அமைதியான பொருளைச் செய்யும் மக்களையா நம் நாடு மிதிக்கிறது என்று அவர் வருந்தினார். 1919-ல் கொரியர்கள் விடுதலை கேட்டு எழுந்த போது, அவர்கள் பக்கம் பரிந்து பத்திரிகையில் எழுதினார்.

சியோல் நகரத்து அரண்மனையின் முன் வாசல் "குவாங்வாமுன்" எனப்படும். ஜப்பானிய ஆட்சியாளர் தங்கள் புதிய காரியாலயத்தை மறைக்கிறது என்று அந்த வாசலை இடிக்க நினைத்தார்கள். 1922-ல் யனாகி அதை எதிர்த்துக் கட்டுரை எழுதினார். தம் நாட்டுச் சர்க்காருக்கு எதிராக எழுதுவது அன்று சாதாரண விஷயம் அல்ல. கடைசியில் வாசலை இடிக்கவில்லை. பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்கள். கொரியா யுத்தத்தில் அது எரிந்தது. 2010-ல் பழைய இடத்திலேயே மரத்தால் மறுபடி கட்டி முடித்தார்கள்.

1924-ல் அதே அரண்மனைக் கட்டிடம் ஒன்றில் கொரிய மக்கள் கலைக்கு ஒரு காட்சிசாலையை யனாகியும் அவர் நண்பர்களும் தொடங்கினார்கள். கொரியாவில் கிடைத்த பொருள்கள் கொரியாவிலேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. டோக்கியோவில் தமது சொந்தக் காட்சிசாலையைத் திறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது.

யனாகியைக் குறை கூறுவோரும் உண்டு. கொரியக் கலையை அவர் "சோகத்தின் அழகு" என்று சொன்னார். அது ஆளுகிற நாட்டான் பரிதாபப்பட்டுச் சொன்ன பேச்சு என்று பிற்காலக் கொரிய அறிஞர்கள் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. பொருளின் மேல் அன்பு கொள்வது சுலபம். பொருளைச் செய்தவரைத் தனக்குச் சமமாக மதிப்பது கடினம்.

ஒரு விடியற்காலைத் தீ

காட்சிசாலை, பொருளைக் காப்பாற்றும். ஆனால், தீ வந்தால்?

நாரா நகரத்தின் அருகே ஹோர்யூஜி என்ற புத்தர் கோயில் இருக்கிறது. உலகத்தில் இன்று நிற்கும் மரக் கட்டிடங்களில் மிகப் பழையவை அங்கே உள்ளன. அங்குள்ள பொன் மண்டபத்தின் சுவர்களில் சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முந்திய புத்தர் சித்திரங்கள் இருந்தன. நம் நாட்டு அஜந்தா குகைச் சித்திரங்களோடு அவற்றை ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம்.

சித்திரங்கள் மங்கி வந்ததால் 1940 முதல் ஓவியர்கள் அவற்றைப் பார்த்து அப்படியே நகல் எழுதிக் கொண்டிருந்தார்கள். 1949 ஜனவரி 26-ந் தேதி விடியற்காலையில் மண்டபத்தில் தீப்பிடித்தது. சித்திரங்களின் வண்ணம் போய் விட்டது. கருகிய கோடுகளே மிஞ்சின. காப்பாற்றுவதற்காக நடந்த வேலையின் நடுவிலேயே இந்த விபத்து!

ஜப்பான் முழுவதும் துக்கம் கொண்டாடியது. ஆனால், அந்தத் துக்கம் வீணாகவில்லை. அடுத்த ஆண்டே, 1950-ல், பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் வந்தது. இன்றும் ஜனவரி 26 அங்கே கோயில்களிலும் காட்சிசாலைகளிலும் தீத் தடுப்பு நாள். தண்ணீர்க் குழாய்களைத் திறந்து ஒத்திகை பார்க்கிறார்கள்.

அந்தச் சட்டத்தில் ஒரு புதுமை இருந்தது. கட்டிடம், சிலை, ஓவியம் ஆகியவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் செல்வம் என்று அது ஒப்புக் கொண்டது. அது, தொழில் திறமை! நெய்யும் திறமை, வனையும் திறமை, அரக்குப் பூசும் திறமை, நாடகம் ஆடும் திறமை எல்லாம் நாட்டின் சொத்து என்று சட்டம் சொன்னது.

எரிந்த சித்திரங்களின் கதையே இதற்குச் சாட்சி. 1967, 1968 ஆண்டுகளில் ஓவியர்கள் பலர் சேர்ந்து அந்தச் சித்திரங்களை மறுபடி எழுதினார்கள். தீக்கு முன், 1935-ல் எடுத்த புகைப்படங்கள் அவர்களுக்கு உதவின. இன்று பொன் மண்டபத்தின் சுவரில் இருப்பவை அவைதான். புகைப்படம் மட்டும் இருந்து, எழுதத் தெரிந்த கை இல்லாமல் போயிருந்தால் சுவர் வெறுஞ் சுவராகவே நின்றிருக்கும்.

உயிரோடு நடமாடும் பொக்கிஷங்கள்

1955-ல் திறமைசாலிகளை முதல் முறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனங்கள் அவர்களுக்கு "உயிருள்ள தேசியப் பொக்கிஷம்" என்று பெயர் வைத்து விட்டார்கள். யனாகியின் நண்பர் ஹமாடா ஷோஜி அந்த முதல் வரிசையில் ஒருவர்.

இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவருக்குச் சர்க்கார் ஆண்டுக்கு 20 லட்சம் யென் கொடுக்கிறது. சும்மா கொடுப்பதில்லை. அவர் தம் தொழிலை மேலும் வளர்க்க வேண்டும். வாரிசுகளைப் பழக்க வேண்டும். ஜாடியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கலாம். கையை அப்படிக் காக்க முடியாது. இன்னொரு கையைப் பழக்குவது ஒன்றே அதைக் காக்கும் வழி.

கவாய் கன்ஜிரோ இந்தப் பட்டத்தை வேண்டாம் என்று சொல்லி விட்டார். பெயர் இல்லாத தொழிலாளியின் அழகைப் புகழ்ந்தவர்கள், தங்கள் பெயருக்குப் பட்டம் சூட்டிக் கொள்ளலாமா என்பது நல்ல கேள்விதான். கியோட்டோவில் அவர் வாழ்ந்த வீட்டை 1973 முதல் காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள். வீட்டின் பின்புறம், படிப்படியாக மேலேறும் பெரிய சூளை அப்படியே இருக்கிறது. குயவர் ஒருவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார், எந்த ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார் என்பதை எல்லாம் அங்கே காணலாம்.

இருவரில் யார் செய்தது சரி? பட்டத்தை ஏற்றதால் ஹமாடா தாழ்ந்து விடவில்லை. மறுத்ததால் கவாய் குறைந்து விடவில்லை. ஆனால், தொழில் பிழைக்க வேண்டுமானால் ஹமாடாவின் வழியும் தேவை. சர்க்காரின் பணமும் மரியாதையும் கிடைக்கிறது என்றால்தான், பிள்ளையைக் குயவுத் தொழிலுக்கு அனுப்பப் பெற்றோருக்குத் தைரியம் வரும்.

மாஷிகோ கிராமம்

ஹமாடா 1924-ல் மாஷிகோ என்ற ஊரில் போய்க் குடியேறினார். டோக்கியோவுக்கு வடக்கே இருக்கும் ஊர். அங்கே குயவர்கள் பட்டணத்துச் சமையலறைகளுக்குச் சட்டியும் ஜாடியும் கெண்டியும் செய்து விற்று வந்தார்கள். ஹமாடா அந்த ஊர் மண்ணையே எடுத்தார். அந்த ஊர் மெருகையே பூசினார். பானைகளில் தம் பெயரைப் பொறிக்கவும் இல்லை.

1977-ல் தம் வீட்டு வளாகத்திலேயே ஒரு காட்சிசாலையைத் திறந்தார். அதில் அவர் முக்கியமாக வைத்தவை, தம்மைத் தோற்கடித்த பொருள்கள்! "இதற்கு முன் என் வேலை தோற்றது" என்று அவருக்குத் தோன்றிய கிண்ணங்கள், துணிகள், நாற்காலிகளைப் பல நாடுகளில் இருந்து வாங்கிச் சேர்த்திருந்தார். இளம் தொழிலாளிகள் அவற்றைப் பார்த்துப் பாடம் படிக்கட்டும் என்பது அவர் எண்ணம். காட்சிசாலை வைக்க இதை விட நல்ல காரணம் வேறு இல்லை.

2011 மார்ச் மாதத்தில் பெரிய பூகம்பம் வந்தது. மாஷிகோவின் சூளைகள் பல இடிந்தன. ஹமாடாவின் பெரிய சூளையும் சேதமானது. ஊர் குயவர்கள் என்ன செய்தார்கள்? சூளையைச் செப்பனிட்டார்கள். 2015-ல் பல குயவர்கள் தங்கள் பானைகளைக் கொண்டு வந்து அதில் அடுக்கி, விறகு போட்டு, ஒன்றாகச் சுட்டு எடுத்தார்கள். அந்தச் சூளையைக் கயிறு கட்டி நிறுத்தி, "தொடாதே" என்று பலகை மாட்டி இருந்தால் அது பிணம். நெருப்பு மூட்டினார்கள், உயிர் வந்தது.

காசுக் கணக்கு

"இதெல்லாம் பணக்காரன் பேச்சு. பிளாஸ்டிக் கிண்ணம் கொஞ்சக் காசுக்குக் கிடைக்கும் போது, கைக் கிண்ணத்தை யார் வாங்குவார்?" என்று சிலர் கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. யனாகியின் இயக்கத்துக்கே இது பெரிய சங்கடம். ஏழையின் மலிவான கிண்ணத்தை அவர் புகழ்ந்தார். புகழ்ந்ததால் அதன் விலை ஏறி விட்டது. இன்று ஹமாடா செய்த ஒரு ஜாடியைச் சாதாரணக் குடும்பம் வாங்க முடியாது. மக்களின் கலை மக்களின் கைக்கு எட்டாமல் போனது வேடிக்கையான துயரம்.

ஆனாலும், வழி இல்லாமல் இல்லை. மாஷிகோவில் 1966 முதல் மண்பாண்டச் சந்தை நடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் கூடும். நூற்றுக் கணக்கான குயவர்கள் கூடாரம் போட்டுத் தாங்களே விற்கிறார்கள். தினமும் சோறு சாப்பிடுகிற கிண்ணம், தேநீர்க் கோப்பை, தட்டு எல்லாம் கிடைக்கும். குடும்பத்தோடு ஜனங்கள் வந்து கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிறார்கள். காட்சிசாலையில் கண் பழகுகிறது. சந்தையில் அந்தக் கண்ணுக்கு வேலை கிடைக்கிறது.

1974-ல் வந்த இன்னொரு சட்டமும் இதே நோக்கம் கொண்டது. ஒரு கைத்தொழில் அந்தச் சட்டத்தின் பட்டியலில் சேர வேண்டுமானால், பொருள் பெரும்பாலும் தினசரி வாழ்க்கையில் உபயோகப்படுவதாக இருக்க வேண்டும். முக்கிய வேலை கையால் நடக்க வேண்டும். அந்த முறை சுமார் நூறு ஆண்டுகளாவது தொடர்ந்து வந்திருக்க வேண்டும். இப்படி 240-க்கு மேற்பட்ட தொழில்கள் பட்டியலில் இருக்கின்றன. சட்டம் இருந்தும் பல ஊர்களில் தொழிலாளிகளுக்கு வயதாகி விட்டது, வாரிசு இல்லை. வாங்குகிறவர் இல்லாவிட்டால் எந்தச் சட்டமும் ஒரு தொழிலைத் தாங்கிப் பிடிக்க முடியாது. அதனால்தான் காட்சிசாலைக்குப் போகிறவரின் பொறுப்பு, வாசலோடு முடிந்து விடுவதில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு

டோக்கியோவில் ஊயெனோ பூங்காவில் தேசியக் காட்சிசாலை இருக்கிறது. 1872-ல் நடந்த ஒரு பொருட்காட்சியில் தொடங்கியது அதன் வரலாறு. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அங்கே உண்டு. வாள், கவசம், பட்டு உடை, அரக்குப் பெட்டி எல்லாம் கண்ணைப் பறிக்கும். கனசாவா நகரில் கைத்தொழிலுக்கு என்றே ஒரு தேசியக் காட்சிசாலை இருக்கிறது. 2020-ல் டோக்கியோவில் இருந்து அங்கே மாறிப் போனது. இவை எல்லாம் பார்க்க வேண்டியவையே.

ஆனால், ஒரே நாளில் நூறு கூடத்தைப் பார்ப்பதால் பயன் இல்லை. காலும் நோகும், குழந்தையும் அழும். நான்கு பொருளைப் பார்த்தால் போதும். ஒவ்வொன்றின் முன்னும் குழந்தையை நிறுத்தி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: இது எதனால் செய்தது? மண்ணா, மூங்கிலா, மரமா என்று குழந்தை சொல்லி விடும்.

இரண்டாவது கேள்வி: இதை யார், எதற்காக உபயோகித்தார்கள்? கொஞ்சம் யோசித்தால் இதற்கும் பதில் கிடைக்கும்.

மூன்றாவது கேள்வி: இதை இன்று செய்யத் தெரிந்தவர் இருக்கிறாரா? இதற்குக் குழந்தையால் பதில் சொல்ல முடியாது. காட்சிசாலைதான் சொல்ல வேண்டும். "இருக்கிறார், இன்ன ஊரில் இருக்கிறார், அவரிடம் இத்தனை பேர் பழகுகிறார்கள்" என்று சொல்லத் தெரிந்த காட்சிசாலை தன் வேலையை முழுதாகச் செய்கிறது. சொல்லத் தெரியாத காட்சிசாலை எவ்வளவு பெரிய மாளிகையில் இருந்தாலும் பாதி வேலையைத்தான் செய்கிறது.